சுவர் சொல்லும் எண்

ஹவுரா ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்துகளில் பழைய வீடு ஒன்றின் தரைத்தள அறையை மனதில் வைத்துக்கொள்ளலாம். பத்து அங்குலச் செங்கல் சுவர். சிவப்பு ஆக்சைடு பூசிய வழவழப்பான தரை. தெருப்பக்கம் பச்சை வண்ணம் அடித்த சட்டங்கள் வைத்த ஜன்னல். சுற்றுவட்டாரத்தில் அணு உலை கிடையாது, யுரேனியச் சுரங்கம் கிடையாது. அந்த அறையின் மேஜைமேல் ஒரு கைகர் கருவியை வைத்து சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும்? சில விநாடி மௌனம். பிறகு ஒரு டிக். மறுபடி மௌனம். அடுத்தடுத்து இரண்டு டிக். இரவெல்லாம் வைத்திருந்தாலும் இதே கதைதான். கருவி பழுதில்லை. பூமியில் எந்த வீட்டிலும் இந்தக் கருவி முழுமையாக வாயை மூடியதில்லை.

சத்தம் மூன்று திசைகளிலிருந்து வருகிறது. ஒன்று தரையும் சுவரும்: மண்ணிலும் கல்லிலும் பூமி பிறந்தபோதே சேர்ந்துவிட்ட யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40. இரண்டாவது வானம்: விண்வெளியிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்கள். மூன்றாவது, கருவியை வைத்துவிட்டு அருகில் உட்கார்ந்திருக்கும் மனிதர். சோறும் மீனும் வாழைப்பழமும் தின்று வளர்ந்த உடம்பில் பொட்டாசியம் இருக்கிறது. அதில் ஒரு சிறு பகுதி கதிரியக்கம் உள்ளது. வயது வந்த ஒருவர் உடலுக்குள் விநாடிக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொட்டாசிய அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. பக்கத்து நாற்காலிக்காரரும் ஒரு வகையில் கதிர்வீச்சு மூலம்தான்.

இவற்றோடு சுவாசிக்கும் காற்றில் இருப்பதையும் கூட்டினால் உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் என்று ஐ.நா.வின் கதிர்வீச்சு விஞ்ஞானக் குழு கணக்கிட்டிருக்கிறது. அதில் ஏறக்குறைய பாதி ஒரே ஒரு வாயுவால் வருவது. அதன் பெயர் ரேடான். ஆக, 'இயற்கைப் பின்னணிக் கதிர்வீச்சு' என்று பாடப்புத்தகம் சொல்வது எங்கோ மலையிலும் கடலிலும் இருக்கும் சமாச்சாரம் அல்ல. அது பெரும்பாலும் வீட்டுக்குள் நடப்பது. மனிதர்கள் பொழுதில் ஐந்தில் நான்கு பங்கைக் கூரைக்கு அடியில் கழிக்கிறார்கள் என்பது இத்துறையின் வழக்கமான கணக்கு.

வெட்டவெளியைவிட வீட்டுக்குள் காமா கதிர் அதிகம் என்பதைப் பலர் நம்பமாட்டார்கள். உலகச் சராசரி வெளியே மணிக்கு 59 நானோகிரே என்றால், உள்ளே 84. வெளியில் நிற்பவருக்குக் காலுக்கு அடியில் மட்டும்தான் மண். வீட்டில் இருப்பவருக்கு நான்கு புறமும் மண், சுட்டு அடுக்கிய மண்.

ஹவுராவின் மண் உள்ளூர்ச் சரக்கே அல்ல. இமயத்தின் பாறைகள் அரைபட்டு, கங்கையில் ஆயிரம் மைலுக்கு மேல் உருண்டு, வண்டலாக வந்து படிந்தது. ஹூக்ளிக் கரையெங்கும் நிற்கும் செங்கல் சூளைப் புகைபோக்கிகள் அந்த வண்டலைத்தான் வீடாக்குகின்றன. மலையின் தோரியமும் பொட்டாசியமும் இப்படித்தான் ஹவுராவின் சமையலறைச் சுவருக்கு வந்து சேர்கின்றன.

இப்போது அந்தச் செங்கலில் இன்னொன்றும் கலக்கிறது. ஹவுராவிலிருந்து தென்மேற்கே போகும் ரயில் ரூப்நாராயண் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் கோலாகாட் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். நிலக்கரியிலும் கொஞ்சம் யுரேனியமும் தோரியமும் உண்டு. கரி எரிந்து போய்விடும். அவை போகாது, சாம்பலில் செறிந்து நிற்கும். அந்தச் சாம்பலைக் கரக்பூர் ஐ.ஐ.டி.யின் ஏ. மண்டலும் டி. சென்குப்தாவும் ஆராய்ந்து 2003ல் வெளியிட்டார்கள். நிலக்கரியில் இருந்ததைவிடச் சில மடங்கு செறிவு சாம்பலில் இருந்தது. இதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1999 செப்டம்பரில், அனல்மின் நிலையங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் உள்ள சூளைகள் செங்கல் மண்ணில் எடைக்கு நான்கில் ஒரு பங்கு சாம்பல் கலக்க வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆணையிட்டிருந்தது. நோக்கம் நல்லது. மேல்மண் மிஞ்சும், சாம்பல் மேடு கரையும். சாம்பல் கல்லால் கட்டிய வீடு ஆபத்தானது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் ஒரு கோடிச் சுவர்களின் சேர்மானத்தை மாற்றும் ஆணை போடும்போது, மாறிய சுவருக்குள் கருவி வைத்துப் பார்ப்பதையும் அதே ஆணையில் எழுதியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

சரி, வீட்டுக்குள் எப்படி அளக்கிறார்கள்? கைகர் கருவி நாடகத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் அது அந்த நிமிடத்தைத்தான் சொல்லும். ஒரு வீட்டின் ஆண்டுக் கணக்கு வேண்டுமென்றால் பொறுமையான கருவிகள் வேண்டும். காமா கதிருக்கு டி.எல்.டி. என்ற வில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையம் இதில் டிஸ்புரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் தூளைப் பயன்படுத்துகிறது. அறையில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். பிறகு சூடாக்கினால், வாங்கிய கதிருக்கு ஏற்ப மினுங்கும். மினுக்கத்தை அளந்தால் கணக்குக் கிடைத்துவிடும். 1980களில் இந்த வில்லைகளைக் கொண்டுதான் நாட்டின் பல பகுதிகளிலும் பின்னணிக் கதிர்வீச்சை அளந்து தொகுத்தார்கள்.

ரேடானுக்கு வேறு உபாயம். சிவப்பு நிற செல்லுலோஸ் நைட்ரேட் படலம், பெயர் எல்.ஆர்.-115. ஒரு தபால் தலை அளவு வெட்டி, சின்னக் கிண்ணத்துக்குள் வைத்து, அறையில் தொங்கவிட வேண்டியது. ரேடானும் அதன் வாரிசுகளும் வீசும் ஆல்பா துகள் ஒவ்வொன்றும் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு காயத்தை உண்டாக்கும். மூன்று மாதம் கழித்துக் கழற்றி, 60 டிகிரி சூட்டில் காஸ்டிக் சோடா கரைசலில் ஒன்றரை மணி நேரம் ஊறவைத்தால் காயங்கள் அரித்துத் துளைகளாகும். துளைகளை எண்ணினால் ரேடான் எவ்வளவு என்று தெரிந்துவிடும். மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை. பூனை தட்டிவிடாமலும் வீட்டுக்காரர் வெள்ளையடிக்காமலும் இருந்தால் போதும்.

இந்த உபாயத்தின் வேர் ஹவுராவுக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. கல்கத்தாவின் போஸ் நிறுவனத்தில் தேபேந்திர மோகன் போஸும் பிபா சௌத்ரியும் 1930களின் இறுதியில் இதே வேலையைத்தான் செய்தார்கள். அறைக்குப் பதில் மலை, படலத்துக்குப் பதில் போட்டோ தகடு. டார்ஜிலிங்கிலும் சந்தக்பூவிலும் தகடுகளை மாதக்கணக்கில் வைத்துவிட்டு வந்து, காஸ்மிக் கதிர்கள் கீறிய கோடுகளை மைக்ராஸ்கோப்பில் அளந்தார்கள். கோடுகளின் அமைப்பிலிருந்து புதுத் துகள் ஒன்றின் எடையைக் கணக்கிட்டு 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். யுத்தம் வந்தது, மேம்பட்ட தகடுகள் கிடைக்கவில்லை. அதே முறையை நல்ல தகடுகளில் செய்த இங்கிலாந்தின் செசில் பவலுக்கு 1950ல் நோபல் பரிசு. பிபா சௌத்ரியின் பெயரைப் பல காலம் பௌதிக மாணவர்களே கேள்விப்பட்டதில்லை.

ரேடானின் சங்கதியை உலகம் புரிந்துகொண்டது ஒரு வேடிக்கையான நிகழ்ச்சியால். 1984 டிசம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லிமரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் கதவருகே வந்தாலே கதிர்வீச்சு அலாரம் அலறியது. வெளியே போகும்போது அல்ல, காலையில் உள்ளே வரும்போது. அணுமின் நிலையத்திலிருந்து வீட்டுக்கு எதையும் கொண்டுபோகவில்லை மனிதர். வீட்டிலிருந்து நிலையத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். அவர் வீட்டுக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பெக்கரல் ரேடான் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2009ல் பரிந்துரைத்த அளவு 100. குடும்பம் வீட்டைக் காலி செய்து, பழுதுபார்த்த பிறகே திரும்பியது. பக்கத்து வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை என்பதுதான் விசேஷம். அடுத்தடுத்த இரண்டு வீடுகள், ஒரே தெரு, இரண்டு வேறு உலகம். ஆகவே ஊர்ச் சராசரியை வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்கு ஜோசியம் சொல்ல முடியாது.

ரேடான் மண்ணிலிருந்து கசிந்து விரிசல் வழியே வீட்டுக்குள் ஏறும். நிறமில்லை, மணமில்லை. அதன் அரை ஆயுள் 3.8 நாள். மூடிய அறையில் சேர அது தாராளமான அவகாசம். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைக்கு அடுத்த காரணமாக உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதைத்தான். நாட்டுக்கு நாடு நுரையீரல் புற்றுநோயில் 3 முதல் 14 சதவீதம் வரை இதன் பங்கு என்பது அதன் மதிப்பீடு. புகைப்பவருக்கு ஆபத்து இன்னும் பல மடங்கு. வங்காளத்தின் பழைய வீடுகள் இந்த விஷயத்தில் அறியாமலே கெட்டிக்காரத்தனமாகக் கட்டப்பட்டவை. ஈரக் களிமண்ணில் வாயு மெதுவாகத்தான் நகரும். புழுக்கத்துக்குப் பயந்து ஆண்டில் பெரும்பகுதி ஜன்னல் திறந்தே கிடக்கும். மின்விசிறி ஓயாது. கவலைப்பட வேண்டியது பழைய சந்து வீட்டைவிட, எல்லா ஜன்னலையும் அடைத்து ஏ.சி. போட்ட புது அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தைப் பற்றித்தான்.

(மேற்கு வங்காளத்துக்கு ரேடானோடு வேறு உறவும் உண்டு. வீர்பூம் மாவட்டத்தின் பக்ரேஷ்வர் வெந்நீர் ஊற்றில் குமிழியிடும் வாயுவில் ஹீலியம் இருப்பதைச் சியாமாதாஸ் சட்டர்ஜி கண்டார். சத்யேந்திரநாத் போஸுக்கு அதில் பெரும் ஆர்வம். ஆல்பா துகள் வேகம் இழந்தால் ஹீலியம் என்பதால் எங்கோ ஆழத்தில் கதிரியக்கம் நடக்கிறது என்று அர்த்தம். பிற்காலத்தில் கல்கத்தா விஞ்ஞானிகள் அதே ஊற்றில் ரேடானைக் கண்காணித்து நிலநடுக்கத்துக்கு முன்னறிவிப்புக் கிடைக்குமா என்று தேடினார்கள். பக்தர்கள் பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தார்கள்.)

ஹவுராவிலிருந்து கன்னியாகுமரிக்கு வாராந்திர எக்ஸ்பிரஸ் ஒன்று போகிறது. கதிர்வீச்சுக் கண்ணாடி போட்டுக்கொண்டு அதில் உட்கார முடிந்தால் விசித்திரமான பயணமாக இருக்கும். வண்டல் சமவெளி மங்கலாக ஒளிரும். ஒரிசாவில் சத்ரபூர் கடற்கரை பளிச்சென்று தெரியும். அங்கே கடல் ஒதுக்கிய கனமணலில் மோனசைட் இருக்கிறது. அதே சென்குப்தாவின் குழு அங்கும் அளந்து 2004ல் எழுதியது. ஆந்திரக் கடற்கரையிலும் அங்கங்கே திட்டுத் திட்டாக. பயணம் முடியும் கன்னியாகுமரி மாவட்டத்தில், மணவாளக்குறிச்சி பக்கம், கண் கூசும்.

மணவாளக்குறிச்சி மணலின் கதை 1909ல் தொடங்குகிறது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிறில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் துகள்களைப் பார்த்த ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர், கயிறு வந்த வழியே தேடி வந்து சேர்ந்த இடம் இது. அன்றைக்கு ஐரோப்பியத் தெருவிளக்குகளின் வலைகளுக்குத் தோரியம் வேண்டும். இந்தக் கரையின் மோனசைட்டில் எட்டு முதல் பத்து சதவீதம் தோரியம் ஆக்சைடு. பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெள்ளை வலையைச் சின்ன வயதில் தொட்டு உதிர்த்த தலைமுறை, தான் தொட்டது எந்தக் கடற்கரைக்கு உறவு என்று அறிந்ததில்லை. பிறகு தோரியம் விளக்குச் சரக்கிலிருந்து அணுசக்திச் சரக்காக அந்தஸ்து உயர்ந்தது. சர் சி.பி. ராமசாமி ஐயரின் தனித் திருவிதாங்கூர் கனவில் இந்த மணலும் ஒரு இருப்பு. 1950ல் இந்திய அரிய மணல் நிறுவனம் உருவானது. 1963ல் முழுக்க மத்திய அரசின் கைக்கு வந்தது.

இதே மணல் பட்டை வடக்கே கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் சவறா, நீண்டகரை, ஆலப்பாடு என்று நீள்கிறது. உலகிலேயே வீடு வீடாக மிக விரிவாகக் கதிர்வீச்சு அளக்கப்பட்ட ஊர்களில் ஒன்று இங்கே இருக்கும் கருநாகப்பள்ளி தாலுகா. கடலோரப் பஞ்சாயத்துகளில் வெளியிடத்தில் பாதிக்குப் பாதி இடங்கள் ஆண்டுக்கு 4 மில்லிகிரேக்கு மேல். சில இடங்களில் 70. இந்த மணலில் பாய் விரித்துப் படுத்து, வலை பின்னி, கயிறு திரித்துத் தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன.

இவர்களுக்கு என்ன ஆயிற்று? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய வரிசையே ஒரு தனிப் புராணம். 1960களில் லண்டனிலிருந்து வந்த மரபியல் அறிஞர் க்ரூனபெர்க் மனிதர்களை விட்டுவிட்டு எலிகளைப் பிடித்தார். மணலிலேயே பிறந்து வளைதோண்டி வாழும் எலிகளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் மனிதருக்கும் ஆகும் என்பது தர்க்கம். எலிகளிடம் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. 1976ல் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கொச்சுப்பிள்ளையும் ராமலிங்கசாமியும் சகாக்களும் 'நேச்சர்' இதழில் ஒரு குண்டு போட்டார்கள். மணல் பகுதியில் பரிசோதித்த 12,918 பேரில் 12 பேருக்கு டௌன் நோய்க்குறி. ஒப்பீட்டுக்கு எடுத்த ஊரின் 5,938 பேரில் ஒருவருக்கும் இல்லை. அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் பதிலுக்குப் பாய்ந்தார்கள். மணல் பகுதியின் எண்ணிக்கை சாதாரணமானதுதான். ஒப்பீட்டு ஊரில் ஒன்றுகூட இல்லை என்பதுதான் அசாதாரணம் என்றார்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆறாயிரம் பேரை வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட வழக்கைத் தீர்க்க முடியாது.

தீர்க்க வேண்டுமானால் லட்சம் பேர் வேண்டும். 1990ல் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர் தலைமையில் அந்த வேலையில் இறங்கியது. கருநாகப்பள்ளியில் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கி, தாலுகாவின் 3,85,103 பேரையும் பட்டியலிட்டார்கள். ஊழியர்கள் கையில் சின்டிலோமீட்டரோடு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஒரு அளவு வீட்டுக்குள், ஒரு அளவு வாசலில்.

அங்கேதான் ஹவுராக் கணக்கு தலைகீழானது. சாதாரண ஊரில் வீட்டுக்குள் அதிகம், வெளியே குறைவு. மணல் ஊரில் வெளியே அதிகம், உள்ளே குறைவு. கதிர் வருவது சுவரிலிருந்து அல்ல, முற்றத்திலிருந்து. சிமெண்டுத் தரை அங்கே கேடயம். யார் எவ்வளவு நேரம் எங்கே இருக்கிறார் என்பது உயிர்க் கணக்காகிவிடுகிறது. கடலுக்குப் போகும் ஆண், முற்றத்தில் வேலை செய்யும் பெண், மணலில் விளையாடும் பிள்ளை, திண்ணையில் கிடக்கும் கிழவர் எல்லோருக்கும் ஒரே முகவரி, வெவ்வேறு அளவு. ஆகவே வயதுக்கும் பாலுக்கும் ஏற்ப வீட்டில் இருக்கும் நேரத்தைக் கணக்கிட்டு, ஒவ்வொருவர் வாழ்நாள் அளவையும் தனித்தனியே மதிப்பிட்டார்கள். ஓலைக் குடிசை மாறிக் கான்கிரீட் வீடு வந்தபோது பலருக்கு வாங்கும் கதிர் குறைந்தது என்பது பஞ்சாயத்துக் கணக்கில் ஏறாத ஒரு முன்னேற்றம்.

காற்றை அளப்பது இன்னும் சிக்கல். தோரியம் வழியில் வருவது ரேடானின் சகோதர வாயு, தோரான். ஆயுள் வெகு குறைவு: 55 விநாடியில் பாதி போய்விடும். தரையிலிருந்து அது வெகுதூரம் போகாது. கிண்ணத்தை எந்த உயரத்தில் மாட்டுவது என்பதே விடையை மாற்றிவிடும். பாபா மையத்தின் மய்யா, ஈப்பன், நம்பி மூவரும் 1998ல் இதற்கென்றே ஓர் இரட்டைக் கிண்ண அமைப்பை விவரித்தார்கள். ஒரு கிண்ணத்தின் வாயில் மெல்லிய சவ்வு. அதை ஊடுருவி உள்ளே போவதற்குள் தோரான் செத்துவிடும், ரேடான் மட்டும் பதிவாகும். இன்னொன்றில் வடிதாள். அதில் இரண்டும் நுழையும். வெளியே ஒரு வெறும் படலம், எல்லாவற்றுக்கும் சேர்த்து. கழித்துப் பார்த்தால் கணக்கு வரும். எளிய யோசனை, ஆனால் அழகான யோசனை.

2009 ஜனவரியில் கருநாகப்பள்ளி முடிவு வந்தது. 30 முதல் 84 வயது வரையிலான 69,958 பேர். சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்கள். 2005 முடிவுக்குள் 1,379 பேருக்குப் புற்றுநோய், அதில் ரத்தப் புற்று 30. பீடிப் பழக்கம் உட்பட எல்லாவற்றையும் கணக்கில் கழித்துப் பார்த்தபோது, கதிர் அதிகம் வாங்கியவர்களுக்குப் புற்று அதிகம் என்று தெரியவில்லை. குழந்தைகள் விஷயத்திலும் இதேதான். 1995 ஆகஸ்டிலிருந்து அரசு மருத்துவமனைகளில் 1,41,540 பிறந்த குழந்தைகளைப் பார்த்த ஆய்வு 2013ல் வெளியானது. பிறவிக் குறைபாடு கதிர் அளவோடு சேர்ந்து ஏறவில்லை.

அப்படியானால் கடலோர மக்கள் நிம்மதியாகத் தூங்கலாமா? அவசரம் வேண்டாம். 2002ல் பீட்டர் ஃபார்ஸ்டர் குழு இதே கரையின் 988 பேரின் ரத்த உறவுகளை ஆராய்ந்து, தாய் வழியே வரும் டி.என்.ஏ.யில் மாற்றங்கள் மணல் பகுதியில் கூடுதல் என்று எழுதியது. மாற்றம் என்பது நோய் அல்ல. ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் அல்ல. அதற்கும் மேல், கேரள ஆய்வின் முடிவு எண் மைனஸ் 0.13. அதன் நிச்சயமின்மையோ மைனஸ் 0.58 முதல் பிளஸ் 0.46 வரை. அதாவது ஆபத்து இல்லாமலும் இருக்கலாம், கொஞ்சம் இருக்கவும் செய்யலாம். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் நாடுகளின் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அணு உலைத் தொழிலாளர்களைப் பற்றிய 2015 ஆய்வு சிறு அளவிலும் ஆபத்து உண்டு என்றது. அதன் எண் 0.48. இரண்டு ஆய்வுகளின் எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. சண்டை போடுவதாகத் தெரிகிற இரண்டும் உண்மையில் அவ்வளவு சண்டை போடவில்லை.

ஆனால் அரசியலில் எண்களுக்கு வால் முளைத்துவிடும். 2011, 2012ல் கூடங்குளம் போராட்டம் கொதித்தபோது, அணு உலைக்காரர்கள் கையில் எடுத்த வாதங்களில் ஒன்று மணவாளக்குறிச்சி. உலையால் வருவதைவிட உங்கள் கடற்கரை மணலே பல மடங்கு தருகிறதே, அதில் வாழவில்லையா என்றார்கள். கணக்குப்படி சரி. ஆனால் நன்றாக ஓடும் உலையின் அன்றாடக் கசிவைப் பற்றி மீனவர் பயப்படவில்லை. புகுஷிமாவைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு விபத்தைப் பற்றிப் பயந்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறொரு கேள்விக்குச் சரியான பதில் சொல்வது அதிகாரிகளின் பழைய வித்தை. மறுபக்கமும் சளைத்ததல்ல. கடலோர ஊர்களில் ஒவ்வொரு புற்றுநோயாளியையும் மணலின் கணக்கில் எழுதும் துண்டுப் பிரசுரங்களுக்குப் பஞ்சமில்லை. பீடியும் புகையிலையும் அவற்றில் இடம்பெறுவதே கிடையாது.

2024ல் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது இந்த வழக்கு மறுபடி உயிர்பெற்றது. மோனசைட்டை எடுத்துவிட்டு மிச்ச மணலை நிரப்பினால் கதிர்வீச்சு குறையும் என்பது ஆலையின் வாதம். தோண்டுவதும் பிரிப்பதும் குவிப்பதும்தான் கதிரை ஊருக்குள் கொண்டுவரும் என்பது ஊரின் வாதம். கடலோரத்து மேட்டை இழந்தால் அலை வீட்டுக்குள் வரும் என்ற பயம் தனி. அதற்கு எந்தக் கதிர்வீச்சுக் கருவியும் பதில் சொல்லாது. முதல் தகராறையாவது அளந்து தீர்க்கலாம். தோண்டும் முன் ஒரு முறை, தோண்டிய பின் ஒரு முறை, ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் முற்றத்திலும். அளப்பவர் ஆலையின் சம்பளக்காரராக இல்லாமல் இருந்தால், அளந்த எண் வீட்டுக்காரர் கையில் அவர் மொழியில் ஒரு சீட்டாகக் கொடுக்கப்பட்டால், அடுத்த வீட்டு எண்ணோடு அவரே ஒப்பிட்டுக்கொள்வார். ரேஷன் கார்டில் அரிசி அளவைச் சரிபார்க்கத் தெரிந்த ஜனங்களுக்கு இது பெரிய வித்தையல்ல. ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அவர்கள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அளந்த எண் அவர்களுக்குச் சொந்தம் என்பதை விஞ்ஞானிகள் மறுக்கமாட்டார்கள். இலாகாக்கள்தான் கோப்புக்குள் வைத்துப் பூட்டும்.

ஹவுராவின் சந்து வீட்டில் தொங்கும் படலத்துக்கு இவ்வளவு கனம் இல்லை. மழைக்காலத்தில் மாட்டியது ஒன்று, டிசம்பரில் மாட்டியது ஒன்று. குளிர்காலத்தில் பச்சை ஜன்னல் ராத்திரி முழுக்க மூடியிருக்கும். பொதுவாக அந்த மூன்று மாதப் படலத்தில்தான் துளை அதிகம் விழும். ஆய்வுக்கூடத்தில் அரித்து எடுத்த படலத்தின்மேல் அலுமினியம் பூசிய மெல்லிய தாளைப் போர்த்தி மின்சாரம் கொடுப்பார்கள். துளை இருக்கும் இடத்தில் எல்லாம் ஒரு பொறி பறக்கும். ஒவ்வொரு பொறிக்கும் எண்ணி ஒன்று கூடும். சட் சட் என்று அடுக்கடுக்காகக் கேட்கும் அந்தச் சத்தம் முடிய ஒரு நிமிடம்கூட ஆகாது. மூன்று மாதத்து மூச்சுக்காற்று அதற்குள் எண்ணி முடிந்துவிடும். பிறகு வீட்டு எண், தளம், சுவரின் வகை, ஜன்னல் எத்தனை, திறந்திருக்குமா மூடியிருக்குமா என்று எழுதிய தாளின் கடைசிக் கட்டத்தில் அந்தத் தொகையைக் குறிப்பார்கள்.